கயாக்கில் காற்று நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடத்தில், அலையாத்தி ஓரமாகப் பறவை பார்க்க ஆட்களைக் கயாக்கில் (துடுப்புப் போடும் சின்னப் படகு) கூட்டிப் போகிறேன். காற்றடிக்கும் பிவிசி கயாக், இரண்டு பேர் உட்காரலாம், வாங்கி மூன்று வருடம். இரண்டு வாரமாக இடப்பக்கக் காற்று அறை மட்டும் அரை மணி நேரத்தில் தொய்ந்துவிடுகிறது. வெயிலில் அடித்த காற்று தண்ணீரில் குளிர்ந்து கொஞ்சம் சுருங்கும், அது தெரியும். ஆனால் வீட்டு நிழலில் வைத்தாலும் இறங்குகிறது.

சோப்புத் தண்ணீர் தடவினேன், வால்வின் அடியில் நுரை வந்தது. இறுக்கினேன், வாஷர் மாற்றினேன். சைக்கிள் டியூப் பேட்ச் இரண்டே நாளில் பெயர்ந்துவிட்டது. நாகர்கோவிலில் மூன்று பஞ்சர் கடைகளில் கைவிரித்தார்கள். துடுப்புதான் என்பதால் நாரையும் மீன்கொத்தியும் பயப்படாமல் கிட்டே இருக்கின்றன, மோட்டார் படகுக்கு மாற மனமே இல்லை.

வால்வைச் சுற்றி ஒட்ட, உப்புத் தண்ணீரிலும் பெயராத பசை எது?