மறுவாழ்வு மருத்துவ ஆய்வாளருக்கு பத்ம விருது: பரிந்துரை எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் துறைத் தலைவர் அரசு மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவர். செயற்கைக் கால் ஆய்வில் நிறையச் செய்திருக்கிறார். அரசு ஊழியரைப் பரிந்துரைக்கலாமா? கட்டுரைப் பட்டியலை இணைத்தால் போதுமா?

பதில் 1: தாராளமாகச் செய்யலாம். அரசு ஊழியர்களுக்குப் பத்ம விருது கிடையாது என்ற விதியில் மருத்துவர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் விலக்கு உண்டு. மத்திய அரசின் விருதுகளுக்கான ராஷ்டிரிய புரஸ்கார் இணையதளத்தில் மட்டும்தான் பதிய முடியும். யாரும் பரிந்துரைக்கலாம், தனக்குத் தானேகூட. சாதனைக் குறிப்பு 800 சொல்லுக்குள் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். பயோடேட்டாவை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். வகித்த பதவிகள் சாதனை ஆகாது. அந்தக் கால் யாருக்குப் பொருத்தப்பட்டது, எத்தனை பேர் இன்னும் போட்டு நடக்கிறார்கள், எடையும் விலையும் எவ்வளவு குறைந்தன என்பதைச் சொல்லுங்கள். கட்டுரை எண்ணிக்கைக்கு ஒரு வரி போதும்.

பதில் 2: முன்னுதாரணம் வேண்டுமென்றால் வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பியவர், பத்மஸ்ரீ 1972. ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலுக்குப் பேர்போன மருத்துவர் பி. கே. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தக் காலை வடிவமைத்த கைவினைஞர் ராம் சந்திர சர்மாவின் பெயர் பலருக்கும் தெரியாது. உங்கள் குறிப்பில் கருவி செய்த தொழில்நுட்பரின் பங்கை மறைக்காதீர்கள்.

பதில் 3: மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய விருது வேறு, அது உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஐ ஒட்டியது. இரண்டுக்கும் ஒரே குறிப்பை நகலெடுக்க வேண்டாம். இன்னொன்று: விருது வந்தாலும் லெட்டர்ஹெட்டில் பெயருக்கு முன் ‘பத்மஸ்ரீ’ போடக்கூடாது, அது பட்டமல்ல.