ஊட்டிப் பக்கம் பனிக்காலத்தில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

எமரால்டு விவசாயி

கீழே சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஜனவரி ஆனால் போன் செய்து, மழை இல்லை, வெயில் பளிச்சென்று இருக்கு, உங்களுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊட்டிப் பக்கம் எமரால்டு ஊரில் தேயிலை போட்டிருக்கும் எங்களுக்கு வருஷத்திலேயே பயமான மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும்தான்.

வடகிழக்கு மழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் காற்றில் ஈரமே இருக்காது. பகலில் இருபது, இருபத்திரண்டு டிகிரி வெயில், உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். சாயங்காலம் காற்று அடங்கி, வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லாமல் நட்சத்திரம் நெருக்கமாகத் தெரிந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், இன்னைக்குப் பனி கொட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி, மண்ணின் சூட்டைப் போகவிடாது. மேகம் இல்லாத ராத்திரியில் மண் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டா பக்கத்துச் சரிவுகளில் இருப்பதைவிடத் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி மாதிரிப் பள்ளங்களில் உறைபனி கடுமையாக விழுகிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் முற்றத்துப் புல் வெள்ளையாக இருந்தது, மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். பிக்கப் வண்டியின் தார்ப்பாயை நகத்தால் சுரண்டினால் ஐஸ் சுருள் சுருளாக வந்தது. ஸ்பிரிங்க்ளர் பைப்பில் ராத்திரி தண்ணீரை வடிக்காமல் விட்டிருந்தோம், இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் செடியில் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிட்டால் பாதியாவது தப்பும், அதற்கும் வழியில்லாமல் போனது. அன்று பார்த்தபோது தேயிலை பச்சையாகத்தான் தெரிந்தது, நனைந்த மாதிரி. மூன்றாம் நாள் மொத்தத் தோட்டமும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றியது போல் கருகிக் கிடந்தது.

ஒன்று மட்டும் மறக்கவே முடியவில்லை. தோட்டத்தில் நிற்கும் ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தடியிலும் வட்டமாக நாலைந்து செடி மட்டும் பச்சையாக நின்றது. மேலே இருந்த கிளைகள் அந்தச் செடிகளின் சூட்டை வானத்துக்குப் போகவிடவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் விறகுக்காக ஆறு மரத்தை வெட்டியிருந்தேன். இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது மனசு வலிக்கிறது. கவாத்து வெட்டி, மழை வந்து, மறுபடி கொழுந்து எடுக்க மாசக்கணக்கில் ஆனது.

மசினகுடி

அண்ணா, உங்கள் பனி எங்களுக்கு நெருப்பாக வருகிறது. நாங்கள் உங்களுக்குக் கீழே, மலை மழையை மறித்துவிடுகிற மழை மறைவுப் பக்கம் இருக்கிறோம். பிப்ரவரி முடிவதற்குள் காட்டில் இலை முழுவதும் கொட்டிவிடும், தரையில் சருகு, நடுவில் காய்ந்த உண்ணிச்செடிப் புதர். ஒரு பீடித்துண்டு போதும். தீ தாண்டிப் பரவாமல் இருக்கச் சருகையும் புல்லையும் நீக்கி வனத்துறை முன்கூட்டியே தீத்தடுப்புக் கோடு போடுகிறது, எங்கள் ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் அந்த வேலைக்குப் போவார்கள். நானும் இரண்டு வருஷம் போனேன். பச்சைக் கிளையை ஒடித்துத் தரையில் அடித்து அடித்துத்தான் தீயை அணைப்போம். மேலே ஏறுகிற தீயை மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது, அதைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கியதும் இப்படிக் காய்ந்து கிடந்த புல் மலையில்தான்.

யானை விஷயமும் சொல்ல வேண்டும். போன மார்ச்சில் ராத்திரி இரண்டு மணிக்குப் பின்வாசலில் டொக் டொக் என்று சத்தம். ஜன்னலில் பார்த்தால் ஒரு தாய் யானை எங்கள் நீல டிரம்மின் மூடியைத் துதிக்கையால் தள்ளிவிட்டு நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது, குட்டி அதன் காலுக்கு நடுவில். அம்மா விளக்கைப் போடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரம் காலியானதும் போய்விட்டன. காட்டுக்குள் தொட்டிகளில் லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அப்படியும் தாகம் இங்கே வரை இழுத்து வருகிறது. தயவு செய்து வண்டியை நிறுத்தி அவற்றைப் போட்டோ எடுக்காதீர்கள், தண்ணீருக்குப் போகிற வழியை மறிக்காதீர்கள்.

காந்தல் அக்கா

நான் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன், தங்க வருபவர்கள் கட்டாயம் படியுங்கள். குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள். எங்கள் தெருவில் வாடகைக்கு வந்த ஒரு குடும்பம் அப்படிச் செய்தது. காலையில் பால்காரர் தட்டியும் திறக்கவில்லை. நாங்கள் கதவை உடைத்துத் தூக்கி வெளியே போட்டோம். பிழைத்தார்கள், சின்னப் பெண்ணுக்கு மட்டும் நினைவு வர மதியம் ஆனது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். இன்னொரு கம்பளி வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி

எங்கள் பாட்டி இலங்கையில் நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் குடும்பத்தோடு நீலகிரி வந்தார்கள். அங்கேயும் ஜனவரி, பிப்ரவரியில் இதே பனி, இதே கருகல். கொழுந்து கருகினால் கிலோ குறையும், அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும், லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அந்த மாதம் கடன்தான் என்பார். இங்கே வந்த முதல் பனிக்காலத்தில் கருகிய செடியைப் பார்த்துவிட்டு, கடல் தாண்டியும் இது நம்மை விடலையே என்று உட்கார்ந்து அழுதாராம். முதலாளிக்கு நஷ்டம் என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் என்ன சமைத்தார்கள் என்றும் யாராவது எழுத வேண்டும்.

எமரால்டு விவசாயி

தங்கச்சி, நீங்கள் சொல்வது சரி. அந்த வருஷம் எங்களிடம் வேலை செய்த மூன்று அக்காமார்களும் வேலை தேடித் திருப்பூர் போனார்கள், ஒருவர்தான் திரும்பி வந்தார்.

அன்று மரம் வெட்டிய இடத்தில் பத்து மரக்கன்று நட்டிருக்கிறேன், இன்னும் இடுப்பளவுதான். இன்று சாயங்காலம் காற்று அடங்கிவிட்டது, வானத்தில் ஒன்றும் இல்லை. பைப்பில் தண்ணீர் வடித்தாயிற்று. ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன், பள்ளத்தில் இருக்கும் மற்றவர்களும் வைத்துக்கொள்ளுங்கள்.