கோயிலுக்கு வெளியே கல்யாணம்: ஃபாதர் 'முடியாது' என்றால் என்ன கேட்பது?

பெரம்பூர் பங்குக்காரர்:
கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ரிசார்ட் என்று வாயெடுத்ததுமே "கோயிலுக்கு வெளியே கல்யாணம் கிடையாது" என்று பங்கு அலுவலகத்தில் சொல்லிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. 1983-ம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் எண் 1118-க்கு மூன்று பிரிவுகள். இருவரும் கத்தோலிக்கர் என்றாலும், ஒருவர் சிஎஸ்ஐ போன்ற கத்தோலிக்கம் அல்லாத சபையில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர் என்றாலும், பங்குக் கோயிலில்தான் நடக்க வேண்டும். வேறொரு கோயிலுக்குப் பங்குத்தந்தையே அனுமதி தரலாம். மண்டபம், புல்வெளி, கடற்கரை என்றால் ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும். மூன்றாவது பிரிவை வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு: ஒருவர் திருமுழுக்கே பெறாதவர் என்றால் கோயிலிலோ தகுந்த வேறு இடத்திலோ வைக்கலாம்.

ஆகவே "முடியாது" என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, "என் கையில் இல்லை". இன்னொன்று, "ஆயருக்கு எழுதித் தர மாட்டேன்". எது என்று நேரடியாகக் கேளுங்கள். "ஃபாதர், எந்தப் பிரிவின்படி மறுக்கிறீங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தேவைகளையும் கருத்துகளையும் மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்வது பொதுநிலையினரின் (குருக்கள் அல்லாத விசுவாசிகளின்) உரிமை என்று எண் 212 சொல்கிறது.

திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுப்பவர்:
பலர் சறுக்குவது எந்த ஆயர் என்பதில். உங்கள் பங்கு சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருக்கலாம். ஆனால் மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட், 2002-ல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்ட எல்லைக்குள் வரும். இடத்துக்கான அனுமதியை அந்த எல்லையின் ஆயர்தான் தர வேண்டும். சொந்தப் பங்குத்தந்தையின் சம்மதக் கடிதமும் கூடவே போக வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, "நம்ம சித்தப்பா சாமியார் மந்திரிச்சு வைப்பார்" (குருவாக இருக்கும் உறவினர் திருமணத்தை நடத்தி வைப்பார்) என்று நம்பி இருந்துவிடுவது. குருப்பட்டம் மட்டும் போதாது. அந்த எல்லையின் பங்குத்தந்தையோ ஆயரோ, இன்னாருடைய திருமணத்துக்கு இன்ன குரு என்று குறிப்பிட்டு அதிகாரம் கொடுக்க வேண்டும் (எண் 1111). வாய்வார்த்தையோடு விடாமல் எழுத்தில் வாங்கி ஃபைலில் வையுங்கள். இட அனுமதி இல்லாவிட்டால் அது விதிமீறல், அவ்வளவுதான். அதனால் மட்டும் திருமணம் செல்லாமல் போகாது. அதிகாரம் இல்லாவிட்டாலோ, சாந்தோம் பேராலயப் பீடத்தின் முன்னால் நடந்திருந்தாலும் செல்லாது. திருச்சபை கேட்பது அதிகாரம் பெற்ற குருவும் 2 சாட்சிகளும் (எண் 1108).

ஃபைலில் அடிக்கடி திரும்பி வருவது திருமுழுக்குச் சான்றிதழ். புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) எடுத்த பழைய நகல் செல்லாது. கடைசி 6 மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. கல்யாணம் ஆனதும் அந்தத் தகவல் திருமுழுக்குப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே குறிக்கப்படும். புது நகலில் அந்த இடம் காலியாக இருந்தால்தான் ஏற்கெனவே மணமாகவில்லை என்று தெரியும்.

மயிலாப்பூரிலிருந்து:
இந்து–கத்தோலிக்கத் திருமணத்தில் இடத்துக்கு முன்னால், திருமுழுக்குப் பெறாதவரை மணக்க எண் 1086 போடும் தடையிலிருந்து விலக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் திருமணமே செல்லாது. கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குத் தர வேண்டும். மற்றவர் கையெழுத்திட்டு மதம் மாற வேண்டியதில்லை. இந்த வாக்குறுதி அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். "ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்" என்று யாராவது வற்புறுத்தினால் அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

காலையில் கோயில், மாலையில் மண்டபத்தில் முகூர்த்தம் என்ற ஏற்பாடு எண் 1127-ல் மாட்டும். சம்மதத்தைத் தரும், புதுப்பிக்கும் இரண்டாவது மதச்சடங்கு கூடாது. தாலியைக் கோயிலிலேயே மந்திரித்துக் கட்டிவிட்டு, மண்டபத்தில் வரவேற்பும் விருந்தும் வைத்தால் சிக்கல் இல்லை.

எழும்பூர் வக்கீல்:
நாட்டுச் சட்டம் கடற்கரையைத் தடுக்கவில்லை. 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் பிரிவு 11, கோயிலுக்குள்தான் நடத்த வேண்டும் என்று கட்டுப்படுத்துவது இங்கிலாந்துத் திருச்சபைக் குருக்களை மட்டுமே. பிரிவு 10-ஐ மட்டும் கவனியுங்கள்: காலை 6 முதல் இரவு 7 மணிக்குள். கத்தோலிக்கக் குரு அதற்கு வெளியே நடத்த ஆயரின் உரிமம் வேண்டும். சூரியன் மறையும் நேரம் பார்த்து 6.30-க்கு வைத்தால் ஒரு போக்குவரத்து நெரிசலிலேயே 7 தாண்டிவிடும். தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் கட்டாயம். கோயில் பதிவேடு அதற்குச் சான்றுதான், மாற்று இல்லை.

பெரம்பூர் பங்குக்காரர்:
மறுப்பு வந்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள் (எண் 51). பங்குத்தந்தையின் முடிவை எதிர்த்து ஆயரிடம் போக 15 நாள். ஆயரே மறுத்தால் 10 நாளுக்குள் முதலில் அவரிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். ரோம் அதற்குப் பிறகுதான். இவை நடப்பதற்குள் கல்யாணத் தேதி கடந்துவிடும் என்பதால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மனுவைக் கொடுங்கள், குறைந்தது 4 மாதம் முன்னால்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: சட்டம் தடுக்காத எவருக்கும் திருமணம் செய்யும் உரிமை உண்டு (எண் 1058). ஆனால் இடம், ஆயர் தரக்கூடிய அனுமதி. அதனால் மனுவில் சண்டை போடாமல், உண்மையான காரணத்தை எழுதுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டி கோயில் படியேற முடியாது என்பது காரணம். போட்டோ நன்றாக வரும் என்பது காரணம் ஆகாது. பங்குக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கியைக் காட்டித் திருமணத்தையே மறுத்தால் மட்டும் விடாதீர்கள். எண் 843-ஐயும் 848-ஐயும் மனுவில் எழுதி ஆயர் இல்லத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.