மடலை எடுப்பதா, ஒரு கூறு மட்டும் எடுப்பதா? அப்பாவின் நுரையீரல் அறுவை பற்றி

சாட்ஸ்வொர்த் மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 67. டர்பனில் காலணித் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். புகைப்பதை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இளவயதில் காசநோய் வந்து குணமானவர். இப்போது வலது நுரையீரலின் மேல் மடலில், வெளி ஓரமாக, 1.8 செ.மீ. கட்டி இருக்கிறது, புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது. ஒரு மருத்துவர் மடல் முழுவதையும் எடுக்க வேண்டும் என்கிறார். இரண்டாம் கருத்துக் கேட்கப் போன இடத்தில், மடலின் உட்பிரிவுகளில் கட்டியுள்ள ஒரு கூறு மட்டும் எடுத்தால் போதும் என்கிறார்கள். இதற்கிடையில், பெட் ஸ்கேனில் நெஞ்சின் நடுவே இரண்டு நெறிக்கட்டுகள் ஒளிர்ந்ததைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், நோய் பரவிவிட்டது, இனி அறுவையே வேண்டாம் என்று வீட்டைக் கலக்கிவிட்டார். எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது?

வார்டு அக்கா:
தங்கைக்கு, நான் மார்பறுவை வார்டில் செவிலியாக இருக்கிறேன். முதலில் அந்த நெறிக்கட்டுகளின் கதை முடியட்டும். எந்த இடத்துச் செல்கள் சர்க்கரையை மிகுதியாக இழுக்கின்றனவோ அந்த இடம் பெட் ஸ்கேனில் ஒளிரும். புற்றுநோயும் இழுக்கும், காசநோயால் உண்டாகும் அழற்சியும் இழுக்கும். காசநோய் மலிந்த நம் தென்னாப்பிரிக்காவில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. எனவே மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயைச் செலுத்தி, அந்த நெறிக்கட்டுகளில் ஊசி குத்தி எடுத்துச் சோதிக்காமல், ஒளிர்ந்ததை மட்டும் வைத்து அறுவையைக் கைவிடக் கூடாது. அங்கே உண்மையிலேயே புற்றுநோய் இருந்தால் கீமோ, எதிர்ப்பாற்றல் மருந்து, கதிர்வீச்சு என்று திட்டமே மாறும். இல்லையென்றால்தான் மடலா கூறா என்ற கேள்விக்கு வர வேண்டும்.

பீனிக்ஸ் வாசகர்:
என் தாயாருக்கு இதே முடிவை எடுக்க நேர்ந்தபோது தேடிப் படித்ததைச் சொல்கிறேன். 1995-இல் வந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், குறைவாக வெட்டியவர்களுக்கு அதே இடத்தில் நோய் மிகுதியாகத் திரும்பியதால், மடலை முழுதாக எடுப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2022-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, ஓரத்தில் அமைந்த 2 செ.மீ.க்கு மேற்படாத கட்டிகளை எடுத்துக்கொண்டது: ஐந்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள், கூறு எடுத்தோரில் 94.3 விழுக்காடு, மடல் எடுத்தோரில் 91.1 விழுக்காடு. இந்த எண்ணைச் சொல்பவர்கள் அடுத்ததைச் சொல்லாமல் விடுகிறார்கள்: அருகிலேயே நோய் திரும்பியது முறையே 10.5, 5.4 விழுக்காடு. ஆகவே உங்கள் மருத்துவர் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கேமரா வைத்துச் சிறு துளை வழியே செய்வதைச் 'சின்ன ஆபரேஷன்' என்று நினைத்துவிடாதீர்கள். மடல் முழுவதையும்கூட அந்த வழியிலேயே எடுக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்:
மிக்க நன்றி. மூச்சு ஊதும் சோதனையில் முதல் நொடியில் வெளிவரும் காற்று, இயல்பாக இருக்க வேண்டியதில் 60 விழுக்காடு என்று எழுதியிருக்கிறார்கள். இது போதுமா?

வார்டு அக்கா:
தோராயமாகக் கணக்குப் போடலாம். இரு நுரையீரலிலும் சேர்த்து 19 கூறுகள். வலது மேல் மடலில் 3. அதை எடுத்தால் மீதி 16. அறுபதை 16-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 50 வருகிறது. நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கு வாயு எவ்வளவு கடக்கிறது என்று பார்க்கும் வாயுப் பரிமாற்றச் சோதனையின் எண்ணுக்கும் இதே கணக்குத்தான். இரண்டும் 60-க்கு மேல் நின்றால் கவலை குறைவு. ஒன்றாவது 30-க்கும் 60-க்கும் இடையில் வந்தால் படியேறச் சொல்லியோ நடக்கச் சொல்லியோ பார்ப்பார்கள். நிற்காமல் 22 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் நல்ல அறிகுறி. எங்கள் வார்டில் ஒரு பெரியவர், மூச்சிரைப்பதை மறைக்க ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பது போல நடித்தார். நீங்கள் அப்பாவுடன் கூடவே ஏறுங்கள். கூறை மட்டும் எடுப்பதாக முடிவானால், அறுவையின்போதே நெறிக்கட்டுகளைச் சோதிப்பீர்களா, அதில் நோய் தெரிந்தால் மடலை எடுத்துவிடுவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்:
வியாழக்கிழமை ஊசிச் சோதனை கேட்கப் போகிறோம். மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) ஒப்புதலுக்கும் இன்றே எழுதிவிட்டேன், அக்கா.