டூ-ஹெட்டட் ஜயண்ட் ஆடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை இரண்டிரண்டு பேர் அணியாக ஆடும் முறை அது. தெரிந்தவர்கள் ஒரு பஞ்சாயத்தைத் தீர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் ஓர் அணி, அவன் நண்பர்கள் இருவர் எதிரணி. அணிக்கு மொத்தமாக 30 லைஃப், டர்னும் இருவருக்கும் சேர்த்தே. அதுவரை சரி.

நான் மெனஸ் உள்ள கிரீச்சரால் (குறைந்தது இரண்டு கிரீச்சர்கள் சேர்ந்தால்தான் அதை பிளாக் செய்ய, அதாவது தடுக்க முடியும்) அட்டாக் செய்தேன். எதிரில் இருந்த இருவரும் ஆளுக்கொரு கிரீச்சரை விட்டுச் சேர்ந்து பிளாக் செய்துவிட்டார்கள்! கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் விதியைப் புரட்டினால், அணியில் யாருடைய கிரீச்சரும் பிளாக் செய்யலாம். ஒத்துக்கொண்டேன்.

சண்டை அடுத்த டர்னில்தான். தம்பியின் கார்டில், "இந்தக் கிரீச்சர் ஒரு பிளேயருக்கு காம்பேட் டேமேஜ் கொடுத்தால் ஒரு கார்டு எடு" என்று இருக்கிறது. அதை வைத்து அட்டாக் செய்தான்; யாரும் பிளாக் செய்யவில்லை. லைஃப் இருவருக்கும் பொது, அதனால் இரண்டு பேருமே அடி வாங்கியதாகக் கணக்கு, எனக்கு இரண்டு கார்டு என்கிறான். பேராசை! ஒன்றுதான் என்பது என் கட்சி.

எது சரி? அப்புறம், 'டிஃபென்டிங் பிளேயர் ஒரு கிரீச்சரைப் பலி கொடுக்க வேண்டும்' என்று கார்டில் இருந்தால், அட்டாக்கை எதிர்கொள்ளும் அணியின் இருவரில் யார் கொடுப்பது? விதி எண்ணோடு சொன்னால் புண்ணியமாகப் போகும். வெறும் வாய்வார்த்தையை அவன் நம்பமாட்டான்.