வன்னிக் குளங்களுக்கு மேலே பலூனில் ஏறிப் படமெடுக்கலாமா?

பாலைநிழல்:
வன்னியை மேலிருந்து காட்டும் படம் என்றால் வெளியுலகம் அறிந்தவை 2009ஆம் ஆண்டு இறுதிப் போரின் செய்மதிப் படங்கள்தாம். குளத்தின் நீர் விளிம்பான அலைகரைக்கு இறங்கும் யானைத்தடமும், ஒரு குளம் நிரம்பி அதன் வான் (மிகைநீர்) பாய்ந்து அடுத்த குளத்தில் சேரும் அழகும் எங்கேயும் ஒழுங்காகப் பதிவாகி நான் காணவில்லை. கண்டலமவில் சுற்றுலாவுக்குப் பறக்கவிடும் வெப்பக்காற்றுப் பலூன் போல ஒன்றைக் மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கும் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கும் கொண்டுவந்து படமெடுக்க வேண்டும் என்பது என் யோசனை.

ட்ரோன் போதாதா என்று கேட்பீர்கள். ட்ரோனின் இரைச்சலுக்கு யானை மிரளும். ஆபிரிக்காவில் பயிருக்குள் இறங்கிய யானைகளை விரட்டவே அதைப் பயன்படுத்துகிறார்கள். பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால் கூடைக்குள் காற்று அடிக்காது, இயந்திர அதிர்வும் இல்லை. நீண்ட லென்ஸைக் கையில் பிடித்தபடியே, செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் கூர்மையாக எடுக்கலாம். விடியல் வெயில் சாய்ந்து விழும்போது யானையின் நிழல் யானையைவிட நீளமாகக் கிடக்கும். தடமும் வரப்பும் அந்த வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும்.

காவல்பரண்:
தம்பி, கூடைக்குள் இருப்பவருக்கு அமைதிதான். கீழே நிற்கிற உயிருக்கு? எரிவாயுச் சுவாலையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எழும் அந்தச் சீற்றத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

காலபோக (மாரிப் பருவ) நெல் கதிர் தள்ளினால் நாங்கள் பரணில்தான் படுக்கிறோம். இரவு முழுக்க வயலில் நின்ற கூட்டம் விடியப்போகும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும். குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை இரண்டு பக்கமும் வரும். வரம்பில் காலை வைக்குமுன் ஒவ்வொன்றும் தும்பிக்கையால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும். பலூன் ஏறும் நேரமும் அந்த விடியல்தான். யானைவெடி கேட்டுக் கேட்டு வெருண்ட கூட்டத்துக்குத் தலைக்கு மேலே சீற்றம் கேட்டால் அது காட்டுக்குத்தான் ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவது? வந்த வழியே திரும்பினால் முதல் வளவு எங்களுடையது.

வங்காலையான்:
மன்னார்ப் பக்கம் காற்றை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. உயரத்தைக் கூட்டியும் குறைத்தும் வேறு திசைக் காற்றைத் தேடிப் பிடிப்பது மட்டுமே ஓட்டியின் கையில் இருக்கிறது. மன்னார்த் தீவில் 30 காற்றாலைகளை நட்டு மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் இங்கே வீசும் காற்று எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகள் வரும் மாதங்களில் வாடைக்காற்று. ஏறினால் அது கடலுக்குத்தான் கொண்டுபோகும். குளம் வற்றி யானைகள் அலைகரையில் கூடும் ஆவணியில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அள்ளி வீசும். விலங்கு நிற்கும் காலத்தில் காற்று விடாது. காற்று அடங்குவது பங்குனியை ஒட்டிய சில கிழமைகள்தாம்.

செம்மண்:
நான் மிதிவெடி அகற்றும் அணியில் வேலை செய்தவள். பலூன் எங்கே இறங்கும் என்பதை முன்கூட்டியே அறுதியாகச் சொல்ல முடியாது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அந்த வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. சிவப்புக் குச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க முன்னர், முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் நாங்கள் முன்னேறினோம். அந்த நிலத்தில் ஒரு கூடை இழுபட்டுப் போவதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. இன்னொன்று, போர்க்காலத்தில் ‘வண்டு’ என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் சுற்றிய வானத்தின் கீழ் பிள்ளைகளைப் பதுங்குகுழியில் வைத்திருந்த தாய்மார் இங்கே இருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் மேலே ஒன்று வந்து நின்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

பாலைநிழல்:
அக்கா சொன்னதற்கு மறுப்பில்லை. ஊருக்கு அறிவிக்காமல் ஒரு கயிறுகூட அவிழ்க்கக் கூடாது. ஆனால் கென்யாவின் மசாய் மாராவில் 1976 முதல் பலூனில் விலங்குகளைப் பார்க்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

காவல்பரண்:
அங்கே புல்வெளி. எங்கேயும் இறங்கலாம், வாகனம் பின்னாலேயே வரலாம். இங்கே பாலை மரமும் வீரை மரமும் கூரை போட்ட காடு. மேலிருந்து பார்த்தால் இலைதான் தெரியும். மடு வீதிக் காட்டுக்கு மேலே ஒரு மணி நேரம் பறந்தாலும் ஒரு மானின் முதுகு தெரியாது.

வங்காலையான்:
ஆகவே காட்டை விட்டுவிடுங்கள். தெரிவது குளமும் வெளியும்தான். அதற்குப் பறக்கவே தேவையில்லை. 1858இல் பிரான்சில் நாடார் (Nadar) என்ற படப்பிடிப்பாளர் முதன்முதலாக வானிலிருந்து படமெடுத்தது நிலத்தில் கட்டிய பலூனில்தான். பங்குனியில் கட்டுக்கரைக் குளக்கட்டுக்குக் கீழே, அறுவடை முடிந்த வயலில், மூன்று பக்கமும் கயிறு கட்டி நூறடி ஏற்றுங்கள். வலசை வந்த பறவைகளில் பல அப்போதும் குளத்தில் நிற்கும். இறங்கும் இடம் பற்றிய பயமும் இல்லை. கால்நடைகளுக்கு மேலே போகும்போது ஓட்டிகள் திறக்கும் சத்தம் குறைந்த சுவாலை ஒன்று உண்டு, அதை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பாலைநிழல்:
ஓரிடத்திலேயே நின்றால் கிடைக்கும் கோணம் ஒன்றுதான். குளத்துக்குக் குளம் தொடரும் தடத்தை அப்படி எடுக்க முடியாது. நான் கேட்பது அழகுக்காக மட்டுமல்ல, காவல்பரண் அண்ணா. தடத்தை மறித்துக் காணி பிரிக்கும்போது காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? செய்மதிப் படத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் யானைகள் வரிசையாக நடந்துபோகும் ஒரு படத்தைப் பிரதேச செயலகத்தின் மேசையில் வைத்தால், பார்க்கிறவர் அதை வெறும் கோடு என்று தள்ள முடியாது.

காவல்பரண்:
அது எனக்கும் வேண்டிய படம்தான். தடம் அடைபட்டதால்தான் அவை எங்கள் வயலுக்கு வருகின்றன. ஆனாலும் அவிழ்த்துவிட்ட பலூனுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கட்டிய பலூன் என்றால் அறுவடை முடியட்டும். முதலில் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்கு வந்து கேளுங்கள். அங்கே இணங்கினால் ஒரு பக்கக் கயிற்றை நானே பிடிக்கிறேன். இணங்காவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

பாலைநிழல்:
கூட்டம் எந்தக் கிழமை, அண்ணா?