'அந்நியன்': முதலில் நாவலா, விளக்கவுரையா?

முதுகலை மாணவி:
பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராமின் தமிழாக்கத்தில் சென்ற மாதம் வாசித்தேன். அதற்கு முன்பே வகுப்பில், வாழ்வில் பொருள் தேடும் மனிதனுக்கு உலகம் விடை தருவதில்லை என்னும் அபத்தவாதம் குறித்து நான்கு பக்கக் குறிப்பைக் கொடுத்துவிட்டார்கள். அதனால், தாயின் சவப்பெட்டியருகே கதைநாயகன் மெர்சோ பால் கலந்த காப்பி குடித்து, சிகரெட் பிடிக்கும் இடத்தில் நான் அந்த மனிதனைப் பார்க்கவில்லை. குறிப்புக்குச் சான்று கிடைத்ததென்று பென்சிலால் கோடிட்டேன். தத்துவ நாவலை மாணவர்கள் உரையின்றியே முதலில் வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
உங்கள் வருத்தம் புரிகிறது, அம்மா. முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. துணையின்றி வாசித்த என் மாணவர்களில் சிலர் மெர்சோவைக் கல்நெஞ்சன் என்று ஒதுக்கினார்கள், சிலர் வீரனென்று கொண்டாடினார்கள். பாறையை ஓயாமல் மலைமேல் உருட்டும் கிரேக்கத் தொன்ம மனிதன் சிசிஃபஸைப் பற்றிய தத்துவ நூலையும் காம்யு, நாவல் வந்த அதே 1942இல்தான் வெளியிட்டார். 1943இல் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் எழுதிய கட்டுரை, அந்நூலைத் துணைகொண்டே நாவலை விளக்கியது.

முதுகலை மாணவி:
ஐயா, நாவல் அந்நூலுக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டது. அதன் முதல் வாசகர்கள் கையில் எந்த விளக்கமும் இல்லை. குறிப்பை எடுத்துவைத்துவிட்டு இரண்டாம் முறை வாசித்தபோதுதான் வேறொன்று என்னை உறுத்தியது. கடற்கரையில் மெர்சோ சுட்டு, முதலில் ஒரு குண்டும், சற்று நிறுத்தி மேலும் நான்கு குண்டுகளும் பாய்ந்து இறக்கும் அராபியனுக்கு நாவல் முழுவதிலும் பெயரே இல்லை. தாயின் அடக்கத்தில் மகன் அழவில்லை என்பதைத் துருவித் துருவி ஆராயும் வழக்கு, கொல்லப்பட்டவனைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1830இல் கைப்பற்றிய அல்ஜீரிய நகரமான அல்ஜியர்ஸில் இது நடக்கிறது என்பதை என் நான்கு பக்கக் குறிப்பு ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
1830 என்ற ஆண்டு நாவலுக்குள் இல்லையே, அம்மா? அதுவும் வெளியிலிருந்து வந்த விளக்கம்தான்.

முதுகலை மாணவி:
உண்மைதான், ஐயா. ஆனால் பெயரின்மை உறுத்திய பிறகே அந்த வரலாற்றைத் தேடிச் சென்றேன். கேள்வி என்னுடையதாக இருந்ததால் விடையும் மனத்தில் தங்கியது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
அந்த உறுத்தல் எல்லோருக்கும் தானாக வருவதில்லை. முப்பது ஆண்டுகள் இந்நாவலை நடத்திய எனக்கே, கொல்லப்பட்டவனுக்கு மூஸா என்று பெயரிட்டு, அவன் தம்பியின் குரலில் அல்ஜீரிய எழுத்தாளர் காமெல் தாவுத் 2013இல் வெளியிட்ட மறுமொழி நாவலைப் படித்த பிறகுதான் வந்தது.

முதுகலை மாணவி:
அந்த முப்பது ஆண்டுகளும் சார்த்தரின் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டுதானே, ஐயா, நாவலைத் திறந்தீர்கள்?